பாதை திறந்தால் போதுமா?

எமக்குச் சைக்கிள் என்பது பொழுதுபோக்கு அல்ல. அது தோட்டத்துக்குப் போகும் வண்டி. வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குப் போகும் வண்டி. நோயாளியைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டோடிய வண்டியும் அதுவே. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் யாழ். குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம், கையில் அகப்பட்டதைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனதும் அதே சைக்கிளில்தான்.

அப்படிப்பட்ட எமக்கு, ஐரோப்பாவில் ஆட்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, 780 கிலோமீற்றர் தூரம் மலையேறி இறங்குகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரலாம். அந்தப் பாதைக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்றும் நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அது ஆட்கள் விட்டுப்போன ஊர்களின் ஊடாக ஓடும் பாதை. கூரை விழுந்த வீடுகளையும் பற்றை பிடித்த வயல்களையும் கண்ட பாதை. பாதை திறந்தால் ஊர் திரும்பிவிடும் என்று எமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. மற்றப் பாதியை இந்தப் பாதையில் கற்றுக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சந்தியோகுமையோரின் பாதை

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா என்னும் மாகாணத்தில், சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா என்ற நகரம் உள்ளது. அங்குள்ள பேராலயத்தில் அப்போஸ்தலரான புனித யாகப்பரின் கல்லறை இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டு முதல் நம்பப்பட்டு வருகிறது. சந்தியாகோ என்றால் புனித யாகப்பர் என்றே பொருள். போர்த்துக்கேயர் மூலம் அந்தப் பெயர் எங்கள் கரைக்கும் வந்தது. சந்தியாகு, சந்தியாப்பிள்ளை என்று எத்தனை பேருக்கு எம்மவர் பெயர் வைத்திருக்கிறார்கள்! கிளாலியில் கோயில்கொண்ட சந்தியோகுமையோரும் இவரேதான். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டிருந்தபோது, இரவில் வள்ளமேறிக் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர்களில் சமய வேறுபாடின்றிப் பலர் அவருடைய பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

கொம்பொஸ்தேலாவுக்குப் போகும் பாதைகள் பல. அவற்றுள் பேர்போனது பிரெஞ்சுப் பாதை. பிரான்சின் தெற்கே சென்-ஜான்-பியே-த-போர் என்ற சிறு பட்டினத்தில் தொடங்கி, பிரெனீஸ் மலையைத் தாண்டி, பம்ப்லோனா, பூர்கொஸ், லெயோன் ஆகிய நகரங்களின் ஊடாக மேற்கே போகிறது. நடப்பவர்கள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் போய்ச் சேர்கிறார்கள். சைக்கிளில் போகிறவர்களுக்கு இரண்டு கிழமை போதும். யாத்திரை செய்ததற்கான அத்தாட்சிப் பத்திரம் பேராலயத்தில் வழங்கப்படும். அதைப் பெற நடப்பவர் கடைசி 100 கிலோமீற்றரையாவது நடந்திருக்க வேண்டும். சைக்கிளில் வருபவர் கடைசி 200 கிலோமீற்றரை ஓடியிருக்க வேண்டும். வழியிலுள்ள கோயில்களிலும் விடுதிகளிலும் ஒரு சிறு அட்டையில் முத்திரை குத்துவித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பங்கீட்டு அட்டையைப் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதைக் காட்டினால் அரிசி கிடைத்தது. அவர்களுடையதைக் காட்டினால் படுக்க இடம் கிடைக்கும்.

ஏற்றமும் இறக்கமும்

எங்களுடைய லுமாலா, றலி சைக்கிள்களுக்குக் கியர் இல்லை. தட்டையான நிலத்துக்கு அது போதும். அந்தப் பாதைக்குப் போதாது. முதல் நாளே சென்-ஜானிலிருந்து ஏறக்குறைய 900 மீற்றர் மேலேறி இபானியேத்தா கணவாயைக் கடக்க வேண்டும். நடப்பவர்கள் போகும் மலைத்தடம் இதைவிட உயரமானது. சுமையேற்றிய சைக்கிளுக்கு அது உதவாதென்று பெரும்பாலானோர் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் தார் வீதியை எடுக்கிறார்கள்.

பின்னர் பூர்கொஸுக்கும் லெயோனுக்கும் இடையில் கோதுமை வயல்கள் நிறைந்த மேட்டுச் சமவெளி வரும். அங்கு ஏற்றம் குறைவு. வெயிலும் எதிர்க்காற்றும் கூட. அஸ்தோர்கா நகரம் கழிந்ததும் மறுபடியும் மலை. ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில் ஒரு நீண்ட மரக்கம்பத்தின் நுனியில் சிறிய இரும்புச் சிலுவை நிற்கிறது. யாத்திரிகர்கள் தம் ஊரிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அதன் அடியில் போடுவது வழக்கம். அந்தக் கற்கள் சேர்ந்து ஒரு மேடாகவே எழுந்துவிட்டன.

அங்கிருந்து மொலினாசேக்கா என்ற ஊருக்கு இறங்குவதுதான் சைக்கிள்காரருக்குப் பெரிய சோதனை. இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்குள் ஏறத்தாழ 900 மீற்றர் இறக்கம். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு போனால் சக்கர வளையம் சூடேறும், பிரேக் கட்டை தேயும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். பாரத்தைத் தாழ்வாகக் கட்ட வேண்டும். இடைவழியில் எல் அசேபோ என்ற ஊரில், யாத்திரையின்போது அங்கு இறந்துபோன ஒரு ஜேர்மன் யாத்திரிகரின் நினைவாக இரும்பினால் செய்த சைக்கிள் ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. இறங்குகிறவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையும் ஆகும்.

கடைசிப் பெரிய ஏற்றம் ஓ செப்ரெய்ரோ. எட்டு ஒன்பது கிலோமீற்றரில் 600 மீற்றர் மேலேற வேண்டும். உச்சியில் உள்ள அந்தச் சிற்றூர் எங்கள் பண்டாரவளையைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. கியர் வைத்த சைக்கிள்காரரும் பலர் இறங்கித் தள்ளுவது இங்கேதான். சைக்கிளைத் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. எமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வாளி மஞ்சள் பூச்சு

இந்தப் பாதை எக்காலமும் இப்படி இருக்கவில்லை. மத்திய காலத்தில் திரள் திரளாக ஆட்கள் நடந்த பாதை இது. 1019இல் பிறந்து 1109இல் இறந்த சாந்தோ தொமிங்கோ என்ற துறவி காடு வெட்டி, வீதி போட்டு, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, யாத்திரிகருக்கு மடமும் கட்டினார். அவர் வீதி அமைத்த இடத்தில் எழுந்த பட்டினம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வீதி போடுவதும் தண்ணீர் கொடுப்பதும் படுக்க இடம் கொடுப்பதும் பக்தியின் வேலைகள் என்று அக்காலத்தவர் எண்ணினர்.

பின்னைய நூற்றாண்டுகளில் பாதை தூர்ந்தது. 1986ஆம் ஆண்டு முழுவதிலும் அத்தாட்சிப் பத்திரம் பெற்றோர் 2,500 பேர்கூட இல்லை. 2024இலோ அந்தத் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கிவிட்டது. இடையில் நடந்தது என்ன?

ஓ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வலீனியா என்பவரை இங்கு சொல்லாமல் இருக்க முடியாது. அவர் தன் ஊரின் பழைய கல் வீடுகளையும் கோயிலையும் மடத்தையும் திருத்துவித்தார். பழைய பாதை எங்கெங்கே ஓடியது என்று ஆவணங்களிலும் நிலத்திலும் தேடினார். 1984இல் வீதிக்கோடு போடும் மஞ்சள் பூச்சை எடுத்துக்கொண்டு, சந்திகளிலும் மதில்களிலும் மரங்களிலும் கற்களிலும் அம்புக்குறி இட்டுக்கொண்டு போனார். அரசாங்கத் திட்டமோ வெளிநாட்டு உதவியோ அதைத் தொடக்கவில்லை. 1987இல் ஐரோப்பிய சபை இந்தப் பாதையைத் தனது முதலாவது கலாசாரப் பாதையாக அறிவித்தது. 1989இல் அவர் காலமானார். 1993இல் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்பெயினில் உள்ள பிரெஞ்சுப் பாதையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவர் தொடக்கிவைத்த மஞ்சள் அம்புக்குறி இன்று பல யாத்திரைப் பாதைகளிலும் வழிகாட்டுகிறது. சிறிய வேலை என்று எதையும் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மணியைக் காத்த தாய்

பாதை தூர்ந்தது பெரிதல்ல. ஊர்கள் தூர்ந்ததுதான் பெரிது. 1950களிலிருந்து 1970கள் வரை ஸ்பெயினின் நாட்டுப்புறம் காலியானது. உழவு இயந்திரம் வந்ததும் வயலில் ஆட்களுக்கு வேலை குறைந்தது. மட்ரிட், பார்சலோனா நகரங்களின் தொழிற்சாலைகளுக்குப் பலர் போனார்கள். ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இன்னும் பலர் போனார்கள். அங்கே செல் விழவில்லை, எவரும் துவக்கு நீட்டவில்லை. ஆகவே அவர்களுடைய வெளியேற்றமும் எங்களுடைய இடப்பெயர்வும் ஒன்றல்ல. ஆயினும் ஆளில்லாத வீட்டின் கூரை எங்கும் ஒரேமாதிரித்தான் விழுகிறது.

அந்த இரும்புச் சிலுவைக்குச் சற்று முன்னால் பொன்செபதோன் என்று ஓர் ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே நிரந்தரமாக இருந்தவர்கள் ஒரு வயோதிபத் தாயும் அவருடைய மகனும் மட்டுமே. பாழடைந்த கோயிலின் மணிகளைப் பாதுகாப்புக்காக இறக்கிக் கொண்டுபோக ஆட்கள் வந்தபோது அந்தத் தாய் மறித்து நின்று எதிர்த்தார். தனக்கும் மகனுக்கும் ஓர் ஆபத்து என்றால் அடிக்க அந்த மணியைவிட வேறென்ன இருக்கிறது என்பது அவருடைய நியாயம். கோயிலைக் கணக்கெடுத்தவர்களுக்கு அது பழம்பொருள். அங்கே சீவித்தவருக்கு அது தேவை. வெளியிலிருந்து திட்டத்தோடு வருகிற எல்லோரும், நாமும் உட்பட, இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்று பொன்செபதோனில் விடுதிகள் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. விழுந்த வீடுகள் சிலவற்றுக்குக் கூரை போட்டாயிற்று. பாதை இல்லாவிட்டால் அந்த ஊர் வெறும் கற்குவியலாகியிருக்கும். இதை மறுப்பது நியாயமாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர் நடப்பவர் 780 கிலோமீற்றர் பாதையில் முப்பது இரவுகள் தங்குகிறார். முப்பது ஊர்களில் சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் சைக்கிளில் போகிறவர் பதின்மூன்று இரவுகள் தங்குகிறார். பஸ்ஸில் வருகிறவர் நகரத்தில் மட்டும் இறங்குகிறார். எவ்வளவுக்கு மெதுவாகப் போகிறார்களோ அவ்வளவுக்குச் சிற்றூர்களுக்கு நன்மை. நகரசபைகளும் கோயில்களும் நடத்தும் விடுதிகளில் நடப்பவருக்கு முதலில் இடம் கொடுத்து, சைக்கிள்காரரைப் பொறுத்திருக்கச் சொல்வது வழமை. களைத்தவருக்கு முதலிடம் என்ற அந்த நியாயம் நல்லதே.

எது திரும்பவில்லை?

இனி மற்றப் பாதி உண்மைக்கு வருவோம். பாதையோரம் திரும்பியது கடையும் கட்டிலும். ஏர் திரும்பவில்லை. கடைசி 100 கிலோமீற்றர் நடந்தால் பத்திரம் கிடைக்கும் என்பதால், அந்த எல்லைக்குச் சற்று முன்னாலுள்ள சாரியா என்ற பட்டினத்திலிருந்தே மிகப் பலர் தொடங்குகிறார்கள். காசும் அந்தத் துண்டிலேயே குவிகிறது. பாதையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தள்ளியுள்ள ஊருக்கு யாத்திரிகரின் காலடிச் சத்தமே கேட்பதில்லை.

உழுவாரற்ற காணிகளில் பற்றை வளர்ந்தது. கலீசியாவில் பலர் யூக்கலிப்டஸ் நட்டார்கள். அதற்கு ஆள் தேவையில்லை, ஆனால் தீக்கு அது நல்ல விறகு. மாடு மேயாத, மண்வெட்டி படாத நிலம் கோடையில் எரிகிறது. 2025 ஓகஸ்ட் மாதத்தில் கலீசியாவிலும் லெயோன் பகுதியிலும் பெருந்தீ பரவியபோது, அஸ்தோர்காவுக்கு மேற்கே யாத்திரைப் பாதையின் ஒரு பகுதியையே சில நாட்கள் மூட வேண்டி வந்தது. பாதை ஊரைக் காப்பாற்றும் என்றார்கள். கடைசியில் பயிர் செய்வாரில்லாத நிலம் பாதையையே மூடிவிட்டது.

2019 மார்ச் 31ஆம் திகதி அந்நாட்டு நாட்டுப்புற மக்கள் மட்ரிட் நகரில் பெரும் ஊர்வலம் நடத்தினார்கள். தங்கள் பிரதேசங்களை அவர்கள் 'வெறுமையான ஸ்பெயின்' என்று சொல்லவில்லை. 'வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்' என்றார்கள். சொல்லில் சிறிய மாற்றம்தான். ஆனால் நாமும் 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதுகிற இடத்தில் 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதினால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி தானாக எழும்.

2009இல் போர் முடிந்த பின் எங்கள் வீதிகளும் திறந்தன. ஏ9 வீதி காப்பெற் போட்ட வீதியாயிற்று. தெற்கிலிருந்து பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வீதியோரத்தில் குளிர்பானக் கடைகள் முளைத்தன. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப்போன குடும்பங்களுள் இன்னும் தம் காணியை மிதிக்காதவர்கள் உண்டு. உல்லாசப் பயணம் வளர்ந்தால் உங்களுக்கும் வேலை கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்வது போதாது. வெங்காயம் செய்யத் தெரிந்தவனைச் சோடா விற்கச் சொல்வதற்குப் பெயர் மீள்குடியேற்றம் அல்ல. கடை வேண்டாம் என்பதல்ல என் கருத்து. காணிக்குப் பதிலாகக் கடை என்பதைத்தான் ஏற்க முடியாது.

உரிமை ஒருவருக்கு, உழவு இன்னொருவருக்கு

இந்த இடத்தில் கலீசியா செய்த ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும். 2007இல் அங்கே காணி வங்கி ஒன்றுக்குச் சட்டம் இயற்றினார்கள். ஊரைவிட்டுப் போனவர் தன் காணியை அந்தப் பொது நிறுவனத்திடம் கொடுத்து வைக்கலாம். நிறுவனம் அதைக் கமம் செய்ய விரும்புபவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். உரிமை உரியவரிடமே இருக்கும். குத்தகைப் பணமும் தவணை முடிவில் காணியும் திரும்பிவரும் என்பதற்கு நிறுவனம் பொறுப்பு. இதனால் எல்லாப் பற்றையும் வயலாகிவிடவில்லை. 2021இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டது. ஆனாலும் நினைப்பு நல்லது. ஊர் காலியாவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் இன்னும் நல்லதாக இருந்திருக்கும்.

எங்கள் நிலைமை என்ன? ஒருபுறம் காணியற்ற, அல்லது காணி விடுபடாத கமக்காரக் குடும்பங்கள். மறுபுறம் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிற உரிமையாளரின் காணிகளில் விளாத்தியும் நாயுண்ணியும் வளர்கின்றன. உரிமையாளரைக் கேட்டால், 'கொடுத்தால் திரும்பி வராது' என்ற பயத்தைச் சொல்கிறார். பயம் காரணமில்லாத பயம் அல்ல. உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு, குத்தகைக்காரராக இருப்பவரின் இருப்பு அவ்வாறான எதிர் ஆட்சி ஆகாது. ஆகவே எழுத்தில்லாமல் சும்மா விடப்பட்ட காணிதான் ஆபத்தில் இருக்கிறது. எழுத்தோடு கொடுக்கப்பட்ட காணி அல்ல.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வாய்ப்பேச்சை விடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சட்டம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவர் அவருக்காகக் கையொப்பம் வைக்கலாம். எத்தனை வருடம், எவ்வளவு குத்தகை, கிணற்றை யார் இறைத்துத் துப்புரவு செய்வது, வேலியை யார் அடைப்பது, பனையும் தென்னையும் யாருக்கு என்பன எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வயற்காணியானால் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பதிவுகளைச் சரிசெய்யுங்கள். நெற்காணியில் குத்தகைக் கமக்காரருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதை இருபகுதியாரும் அறிந்துகொண்டே இணங்க வேண்டும். ஒளித்துச் செய்தால் பின்னர் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, ஊர்ச் சங்கங்கள் கையில் ஒரு கொப்பியை எடுக்கட்டும். எந்தக் காணி சும்மா கிடக்கிறது, உரியவர் எங்கே, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, யாருக்குக் கமம் செய்ய விருப்பம் என்று எழுதட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு சைக்கிளும் ஒரு கொப்பியும் இரண்டு இளைஞரும் போதும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி சொல்லப்படாத இடங்களுக்குள் மட்டும் கால்வைக்க வேண்டாம்.

நான்காவது, புலம்பெயர்ந்த உறவினருக்குக் கடிதம் எழுதும்போது கோயில் திருவிழாவுக்குக் காசு கேட்பதோடு நிறுத்தாமல், 'உங்கள் காணியை ஐந்து வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள்' என்றும் கேளுங்கள். காசாக அனுப்பும் உதவி ஒரு மாதத்தில் முடியும். காணியாகக் கொடுக்கும் உதவி ஒவ்வொரு போகத்திலும் விளையும்.

இவை எதுவும், இன்னும் விடுவிக்கப்படாத காணிகளைக் கேட்கும் உரிமைக்கு மாற்று அல்ல. அந்தக் கோரிக்கையை ஒரு நாளும் கைவிட வேண்டாம். பிறர் காணியில் பயிர் செய்கிறீர்கள் என்பதற்காக உங்கள் காணியின் உறுதியைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு எல்லைகளைச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பூவரசிலிருந்து எந்தப் பனை வரை என்று அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வீதி நல்லது. அதில் வருகிற விருந்தாளியும் நல்லவர்; வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பழக்கம். ஆனால் விருந்தாளி இரவு தங்கிக் காலையில் போய்விடுவார். விடியப்புறம் எழும்பித் தண்ணீர் மாறுகிறவர் இருக்கும் ஊர்தான் ஊர். ஆகவே பாதையைத் திறந்துவிட்டோம் என்று எவர் வந்து சொன்னாலும், 'நல்லது ஐயா, தோட்டம் எப்போது?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.